வாசலில் வைப்பதா, கையில் கொடுப்பதா?

கேள்வி: ஐயா, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு நகராட்சியில் குடியிருக்கிறேன். ஊரின் பெயரை வெளியிட வேண்டாம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கீழ் வீட்டில் நானும் என் மனைவியும், படுக்கையில் இருக்கும் என் தாயாரும் இருக்கிறோம். மாடியில் கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. தெருமுனையில் இருந்த குப்பைத் தொட்டியைச் சென்ற ஆண்டு எடுத்துவிட்டார்கள். காலையில் பேட்டரி வண்டி வருகிறது. ஒரு நாள் ஆறரைக்கு வந்தால் மறுநாள் எட்டரைக்கு வருகிறது, சில நாள் வருவதே இல்லை. நியூயார்க்கில் இருக்கும் என் மகன், அங்கே முந்தின நாள் மாலையே தொட்டியை வாசலில் வைத்துவிடுவார்கள் என்று சொல்லி, சக்கரம் வைத்த 120 லிட்டர் தொட்டி ஒன்றை வாங்கி அனுப்பினான். இரவில் அதை வெளியே வைத்தால் நாய் கவிழ்க்கிறது, விடிந்தால் ஆடு மேய்கிறது, அண்டை வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். பிரிக்காத குப்பையை எடுக்க முடியாது என்று தூய்மைப் பணியாளர் சொல்கிறார். நம் வீட்டுத் தொட்டியை நம் வாசலில் வைக்கக் கூடாதா? மீன் கழிவையும் தாயாரின் டயப்பரையும் என்ன செய்வது? வண்டி ஒழுங்காக வராதபோது கட்டணம் எதற்குக் கட்ட வேண்டும்? பக்கத்து வீட்டார் ஓலையோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்து எரிக்கிறார். அதற்கு என்ன வழி? அடுத்த மாதம் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதணி விழா வேறு இருக்கிறது, தெருவில்தான் பந்தல்.

பதில்: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இரவில் தொட்டியைத் தெருவில் வைக்காதீர்கள். தொட்டி உங்களுடையதுதான், தெரு உங்களுடையது அல்ல என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2016 ஏப்ரல் 8 அன்று அறிவிக்கப்பட்டு, 2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குபவருக்கு உரிய கடமைகளை 4-ஆவது விதியில் வரிசையாகச் சொன்னன. அதைப் படித்துப் பார்த்தால், குப்பையை வெளியே வைக்க வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை என்பது தெரியும். பிரித்துத் தனித்தனியே சேமித்து வைக்க வேண்டும், உள்ளாட்சி அமைப்பு அனுமதித்த பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பவைதான் அதிலுள்ள வினைகள். நான் துப்புரவு ஆய்வாளராக வேலை பார்த்த காலத்தில் இந்த ‘ஒப்படைக்க’ என்ற ஒரு சொல்லை மக்களுக்கு விளக்குவதில்தான் பாதி நேரம் போனது. பணியாளரின் கைக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் குப்பை உங்கள் பொறுப்பு. வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால், உங்கள் கையை விட்டு அது போய்விட்டது போலத் தோன்றும். விதியின் பார்வையில் அது இன்னும் உங்கள் குப்பைதான், நாய் இழுத்துப் போட்டதும் உங்கள் குப்பைதான்.

உங்கள் மகன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை, அவர் இருக்கும் ஊருக்கு அது சரி. நியூயார்க் நகரத்தில் ஒன்று முதல் ஒன்பது வீடுகள் வரை உள்ள குடியிருப்புக் கட்டடங்கள், 2024 நவம்பர் 12 முதல், இறுக மூடும் மூடி கொண்ட, 55 கேலனுக்கு மிகாத தொட்டியில்தான் குப்பையை வெளியே வைக்க வேண்டும். நம் அளவில் அது ஏறத்தாழ 208 லிட்டர். தொட்டியில் வைப்பதானால் மாலை ஆறு மணிக்குப் பிறகு வைக்கலாம். பையில் கட்டி வைக்கலாம் என்ற இடங்களில் எட்டு மணிக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். அந்த ஊரில் பணியாளர் வீட்டுக் கதவைத் தட்டுவது இல்லை; லாரி தெருவோடு போகும், நடைபாதை ஓரத்தில் இருப்பதை எடுத்துப் போகும். அதனால் வெளியே வைப்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இல்லை. இரவெல்லாம் நடைபாதையில் குவிந்து கிடந்த கறுப்புப் பைகள் எலிகளுக்கு விருந்தாகிவிட்டதால்தான் மூடியுள்ள தொட்டி வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அதாவது, வெளியே வைக்கும் முறையில் உள்ள கேட்டைக் குறைக்கத் தொட்டி வந்தது. நம் ஊரில் வண்டி வீட்டு வாசலுக்கே வருகிறது. வீடு வீடாகச் சென்று வாங்குவதை உள்ளாட்சியின் கடமை என்று அதே 2016 விதிகள் சொன்னன. கையில் வாங்கிக்கொள்ள ஒருவர் வரும்போது, இரவெல்லாம் தெருவில் வைத்துக் காவல் காப்பானேன்?

தெருமுனைத் தொட்டியை எடுத்துவிட்டார்களே என்ற உங்கள் வருத்தம் எழுத்தில் தெரிகிறது. அதற்கு நானும் ஒருவகையில் பொறுப்பாளி. வேலையில் சேர்ந்த புதிதில், இதே கடற்கரையில் உள்ள ஓர் ஊரில், தெருவுக்கு ஒன்றாகக் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறைகளை வைத்துத் தொட்டியாக்கினோம். திறப்பு விழா வேறு நடந்தது. ஒரு மாதத்தில் உறைக்குள் இருந்த குப்பையைவிட உறையைச் சுற்றிக் கிடந்தது அதிகமாகிவிட்டது. உயரம் எட்டாத சிறுவர்களிடம் குப்பையைக் கொடுத்தனுப்புவார்கள், அவர்கள் தூரத்தில் நின்று எறிவார்கள். அடியில் தேங்கும் சாறு மணலில் இறங்கும். அள்ளுவதற்குப் பணியாளர் உறைக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். கண்ணாடி குத்திக் கால் புண்ணாகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்த உறைகளைக் கடப்பாரை கொண்டு உடைத்தெடுத்தவனும் நான்தான். தெருத்தொட்டி இருந்தால் யாருடைய குப்பை என்று கேட்க முடியாது, பிரித்துப் போடு என்று சொல்ல முடியாது. அது போனது நல்லதுதான் என்பது என் துணிந்த கருத்து. ஆனால் வண்டி தவறாமல் வந்தால்தான் அந்தக் கருத்துக்கு மதிப்பு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இனி உங்கள் 120 லிட்டர் தொட்டியின் கணக்கைப் பார்ப்போம். நம்மைப் போன்ற சிறிய நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 300 கிராம் வரை குப்பை சேரும் என்று கணக்கிடுவது வழக்கம். கீழும் மேலுமாக உங்கள் வீட்டில் ஆறு பேர். ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் சமையலறை ஈரக் கழிவு. இதற்கு 120 லிட்டர் தொட்டி என்றால், ஒரு படி அரிசி வாங்கக் கோணிப்பை கொண்டுபோவது போல. பெரிய தொட்டியில் உள்ள ஆபத்து இடத்தை அடைப்பது மட்டும் அல்ல. அது நிறையட்டும் என்று நம் மனம் காத்திருக்கும். நிறையும்வரை அடியில் கிடப்பது அழுகும். ஈ இட்ட முட்டை நம் வெயிலில் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். பத்து நாளைக்குள் அது ஈயாகிப் பறக்கும். ஈரக் கழிவு வீட்டை விட்டு நாள்தோறும் வெளியேற வேண்டும் என்று நாங்கள் அடித்துச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். தொட்டி சின்னதாக இருந்தால் அது தானே உங்களை அவசரப்படுத்தும்.

ஆகவே ஈரக் கழிவுக்கு மூடியுள்ள பத்து லிட்டர் வாளி ஒன்று போதும். அடியில் பழைய செய்தித்தாளை இரண்டாக மடித்துப் போடுங்கள், பிளாஸ்டிக் பை போடாதீர்கள். பையோடு கொடுத்தால், ஈரக் கழிவை உரமாக்கும் நுண் உர மையத்தில் ஒருவர் அதைக் கையால் கிழித்துக் கொட்ட வேண்டியிருக்கும். மக்காத உலர்ந்த கழிவுக்கு ஒரு சாக்குப் பை போதும். பால் உறையையும் எண்ணெய் உறையையும் ஒரு முறை அலசிக் காயவைத்துப் போட்டால் அது ஒரு வாரம் கிடந்தாலும் நாறாது. இரும்பு வாளி வாங்காதீர்கள். உப்புக் காற்றுக்கு இரண்டு மழைக்காலம் தாங்காது. மலிவான பிளாஸ்டிக் வாளியும் வெயிலில் நின்றால் நொறுங்கிவிடும். கைப்பிடி உறுதியான நடுத்தர வாளியாக வாங்கி நிழலில் வையுங்கள். மாடி வீட்டாருக்குத் தனியாக ஒரு வாளி இருக்கட்டும். இரண்டு குடும்பக் குப்பையும் ஒரே தொட்டியில் விழும்போதுதான் யார் கலந்தார் என்ற வழக்கு வரும். வாடகைக்கு விட்டவருக்கும் இருப்பவருக்கும் நடுவில் அந்த வழக்கு நல்லதல்ல.

பணியாளர் எடுக்க மறுத்தது பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 2016 விதிகள் மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. அவற்றுக்கு மாற்றாக 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காக்கியிருக்கின்றன. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். நாள்தோறும் கையாள வேண்டியவை முதல் இரண்டும்தான். டயப்பர், மாதவிடாய் அணையாடை போன்றவை மூன்றாவது. தீர்ந்த பேட்டரி, குழல் விளக்கு, காலாவதியான மாத்திரை, பெயிண்ட் டப்பா, ஊசி ஆகியவை நான்காவது. நான்காவதை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டால் மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக் கொடுத்தால் போதும். நாம் பிரித்துக் கொடுத்ததை அவர்கள் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே என்ற முணுமுணுப்பு எல்லா ஊரிலும் உண்டு. பிரித்து வாங்கியதைக் கலக்கக் கூடாது என்பதும் விதிதான். அப்படி நடப்பதை நீங்கள் கண்டால் நாளையும் நேரத்தையும் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்காக வீட்டிலேயே கலந்துவிடுவது பழிக்குப் பழி வாங்குவது போலாகும், பலன் வராது.

இனி மீனுக்கு வருவோம். உங்கள் தெருவில் நாயும் ஆடும் காக்கையும் கூடுவதற்கு மூல காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நம் கரையில் ஒரு விசித்திரம் உண்டு. வண்டி விடியற்காலையில் வருகிறது. மீன் அதற்குப் பிறகு வருகிறது. இரவில் கடலுக்குப் போன படகு காலையில் கரை திரும்பி, ஏலம் முடிந்து, சூடையோ காரலோ நண்டோ உங்கள் அடுப்படிக்கு வரும்போது மணி பத்தாகிவிடும். குப்பை வண்டியோ தன் சுற்றை முடித்துக் கிடங்குக்குப் போயிருக்கும். ஆக, நம் வீட்டுக் கழிவுகளிலேயே மிக வேகமாகக் கெடுகிற ஒன்று, ஏறத்தாழ ஒரு முழு நாள் வீட்டில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மாலைக்குள் நாற்றம் தாங்காமல் போகும். அந்த நாற்றத்தைத் தெருவுக்குத் தள்ளத்தான் இரவில் தொட்டி வெளியே போகிறது. மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவருக்கு எழுதிய அறிவுரை இங்கே பொருந்தாமல் போவதற்கு இந்த நேரக் கோளாறுதான் காரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் காலத்தில் எங்கள் வார்டுகளில் புகார் குறைவதை நான் ஆண்டுதோறும் கவனித்திருக்கிறேன்; நாட்டுப்படகு மீன் மட்டும்தானே அப்போது வரும்.

இதற்கு நான் பார்த்தவரை மூன்று வழிகள் பலன் தந்திருக்கின்றன. எளிமையானது, மீன் சந்தையிலேயே செதிலும் செவுளும் குடலும் நீக்கி வாங்கி வருவது. அங்கே வெட்டித் தருபவர்களுக்கும் அது ஒரு பிழைப்பு, கழிவும் ஒரே இடத்தில் சேரும். ஆனால் தலையை விட்டுவிட்டு வர உங்கள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று தெரியும், தலை இல்லாமல் குழம்பு ஏது? தலையை வாங்கி வாருங்கள், குடலை விட்டு வாருங்கள். வீட்டில்தான் அரிய வேண்டும் என்றால், கழிவில் தண்ணீர் நிற்காமல் வடித்து, செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மூடியுள்ள பழைய டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையில் மறுநாள் காலைவரை வைத்துவிடலாம். பலருக்கு இது மனத்துக்கு ஒப்பாது. என் வீட்டிலும் முதலில் ஒப்பவில்லை. உறைந்துபோனதில் நாற்றம் இல்லை, புழு இல்லை என்று கண்ட பிறகு யாரும் பேசவில்லை. மூன்றாவது வழி, தோட்டம் உள்ளவர்களுக்கு உரியது. மீன் கழிவின் எடைக்குச் சம எடை நாட்டு வெல்லம் போட்டுப் பிசைந்து, பிளாஸ்டிக் வாளியில் மூடி வைத்து, அவ்வப்போது மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினால், மூன்று நான்கு வாரங்களில் நாற்றம் போய்ப் பழ வாசனை வரும். மீன் அமிலம் என்று இயற்கை விவசாயிகள் சொல்வது இதைத்தான். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி கலந்து செடிக்கு ஊற்றலாம். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்குக் கருப்பட்டியைப் போட்டுவிடாதீர்கள். அது விற்கிற விலைக்குச் செடி நன்றி சொல்லாது.

இறால் ஓடும் நண்டு ஓடும் எளிதில் மக்குபவை அல்ல. அம்மியிலோ கல்லிலோ நொறுக்கி, காயவைத்து, சிறிது சிறிதாக உரத்தில் சேர்க்கலாம், அல்லது ஈரக் கழிவோடு கொடுத்துவிடலாம்.

கொல்லைப்புறம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஓலை எரிக்கும் பக்கத்து வீட்டைப் பற்றி எழுதியிருப்பதால் உங்கள் மனையிலும் கொஞ்சம் இடம் இருக்கும் என்று கருதுகிறேன். இருந்தால், நான் தெருவில் தோற்ற அதே சிமெண்ட் உறை உங்கள் கொல்லையில் நன்றாக வேலை செய்யும். இரண்டரை அடி விட்டமுள்ள உறைகள் இரண்டை, காற்றுப் போகப் பக்கவாட்டில் துளையிட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள்; மேலே எலி நுழையாத கம்பி வலை போட்டு மூடுங்கள். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு என்று அடுக்க வேண்டும். நம் ஊரில் உரம் கெடுவது ஈரத்தால் அல்ல, வறட்சியால்தான். கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இரண்டு நாளில் எல்லாம் காய்ந்து சருகாகவே நின்றுவிடும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் சரியான பதம். அதற்காக ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைத் தெளிக்காதீர்கள், உரத்தில் உப்பு ஏறிச் செடியைக் கருக்கும். அரிசி கழுவிய தண்ணீரும் பருப்புக் கழுவிய தண்ணீரும் போதும். ஓர் உறை நிறைந்ததும் மற்றதைத் தொடங்குங்கள். இரண்டு மாதத்தில் முதல் உறையில் உரம் ஆயிருக்கும். குழி தோண்டிப் புதைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நம் மண் மணல். அடியில் சில அடியில் நல்ல தண்ணீர் நிற்கும் இடங்களில் ஊற்றுத் தோண்டித்தான் இன்றும் பலர் குடிக்கிறார்கள். அழுகல் சாறு அந்த மணலில் வடிகட்டுவது போலத் தடையின்றி இறங்கிவிடும். ஆகவே குழி வேண்டாம், தரைக்கு மேல் உறை போதும்.

தாயாரின் டயப்பர் விஷயம். மலம் இருந்தால் முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி, அதிலுள்ள ஒட்டுப் பட்டையாலேயே ஒட்டி, செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுங்கள். சிவப்பு வட்டம் எழுதப் படிக்கத் தெரியாத பணியாளருக்கும் புரியும் அடையாளம். மாடி வீட்டுக் குழந்தையின் டயப்பரும் இப்படியே. இதற்கென மூடியுள்ள சிறு வாளி ஒன்றைத் தனியாக வைத்து, வண்டியில் தனியாகக் கொடுக்க வேண்டும். உலர் கழிவுச் சாக்கில் போட்டால், அதைப் பிரிக்கும் இடத்தில் ஒருவர் வெறுங்கையால் தொட வேண்டியிருக்கும். எரிக்கக் கூடாது, கழிப்பறையில் போடவும் கூடாது. உள்ளே இருக்கும் உறிஞ்சும் பொருள் தண்ணீரைக் குடித்து ஊதிக் குழாயை அடைத்துவிடும். உங்கள் தாயாருக்கு இன்சுலின் போடுவதுண்டா என்று எழுதவில்லை. போடுவதாக இருந்தால் ஊசியைத் திருகு மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டி, ஊசி என்று எழுதிக் கையில் கொடுங்கள். என் பணிக்காலத்தில் பணியாளர்கள் மிகவும் அஞ்சியது பாம்புக்கு அல்ல, குப்பைக்குள் மறைந்திருக்கும் ஊசிக்குத்தான்.

கட்டணத்தைப் பற்றி உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளாட்சியின் துணை விதிகளில் குறித்த பயன்பாட்டுக் கட்டணத்தைக் கட்டுவது வீட்டுக்காரரின் கடமை என்று விதி சொல்கிறது. வண்டி வராத நாளைக் கழித்துக்கொண்டு கட்டும் உரிமை அதில் இல்லை. கட்டாமல் விட்டால் நிலுவையாகி, நாளை வேறு சான்றுக்குப் போகும்போது அங்கே உங்களை நிறுத்துவார்கள். கட்டிவிட்டுக் கேளுங்கள், கட்டியவருடைய குரலுக்குத்தான் அலுவலகத்தில் வலு. அதைக் கேட்கும் முறையும் உண்டு. ஒரு மாதம் நாட்காட்டியில் வண்டி வந்த நேரத்தையும் வராத நாளையும் குறித்து வையுங்கள். வண்டி சரியாக வருவதில்லை என்று பொதுவாக எழுதும் மனுவை ஒதுக்கிவிடுவது எளிது. இன்ன தேதிகளில் வரவில்லை, இன்ன தேதிகளில் எட்டரைக்கு வந்தது என்று தேதிவாரியாக எழுதிய மனுவை அப்படி ஒதுக்க முடியாது. நான் அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். மனுவை ஆணையர் பெயருக்கு எழுதி, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள்; நகலை வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். பலன் இல்லையென்றால் முதல்வரின் முகவரித் திட்டத்துக்கான 1100 என்ற எண் இருக்கிறது, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு எந்த வண்டி, எந்த நேரம் என்று குறித்த வழித்தட அட்டவணையைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் ஆசிரியராக இருந்தவர், தெருவில் நாலு பேர் உங்கள் சொல்லைக் கேட்பார்கள். நான்கு வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

அதுவரை, வண்டி எப்போது வரும் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு நடைமுறை வழி சொல்கிறேன். வாளியை மதில் சுவருக்கு உள்ளே, கேட்டின் பக்கம், கை நீட்டினால் எட்டும் இடத்தில் காலை ஆறு மணிக்கு வைத்துவிடுங்கள். விசில் சத்தம் கேட்டதும் கேட்டைத் திறந்தால் போதும். பணியாளரின் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பேர் சொல்லி, ‘அம்மா’ என்றோ ‘தம்பி’ என்றோ கூப்பிட்டுப் பேசுகிற தெருவில் வண்டி தவறுவது குறைவு என்பது என் அனுபவம். இது எந்த விதியிலும் இல்லை.

பக்கத்து வீட்டார் எரிப்பதைப் பற்றி. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22 அன்று தடை செய்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்க உத்தரவிட்டது. தன் மனைக்குள் எரிக்கிறேன் என்பது பதில் ஆகாது. ஆனாலும் அபராதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஓலையைக் கழித்துப் போட அவருக்கு வேறு வழி தெரியாததால்தான் எரிக்கிறார். பிளாஸ்டிக் பை அதில் தீ மூட்ட உதவுகிறது, அவ்வளவுதான். தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைத்து நகராட்சி சொல்லும் நாளில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, டிராக்டர் அனுப்பச் சொல்லி இருவரும் சேர்ந்து கேட்கலாம். தென்னை ஓலையைச் சிறு துண்டாக நறுக்கிச் செடிக்கு மூடாக்காகப் போடலாம். பனை ஓலை மக்க நாளாகும், அதை வேலி கட்டுபவர்களுக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் தாயார் படுக்கையில் இருக்கிறார், புகை மூச்சை அடைக்கிறது என்று நேரில் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகும் எரித்தால் துப்புரவு ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

காதணி விழாவுக்கு வாழ்த்துகள். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மண்டபம் போன்ற உரிமம் பெற்ற இடத்தில் அல்லாமல் வேறு இடத்தில் நடத்தினால், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2016 விதிகளிலேயே இருந்தது. தெருப் பந்தலுக்கு இது பொருந்தும். தெரிவிக்கும்போதே, விருந்து முடிந்ததும் மாலையில் ஒரு வண்டி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுத்து ரசீது வாங்குங்கள். சமையல்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: மேசை விரிப்புப் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகிதக் கோப்பை எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. எவர்சில்வர் தம்ளர்கள் வாடகைக்குக் கிடைக்கும். சாப்பாட்டுக்கு வாழை இலை இருக்கட்டும். உங்கள் மகன் அனுப்பிய தொட்டிக்கு அன்றைக்குத்தான் முழு வேலை இருக்கும். பந்தலின் பின்பக்கம், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, இலையும் மிச்சச் சோறும் மட்டும் விழும்படி ஓர் ஆளை நிற்கவையுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் மற்றதற்கும் பக்கத்திலேயே ஒரு சாக்கு வைத்துவிடுங்கள். மாலை வண்டி எடுத்துப் போன பிறகு தொட்டியைக் கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, மறுநாள் முதல் கொல்லையில் உர உறைக்கு வேண்டிய சருகு சேர்க்க வைத்துக்கொள்ளுங்கள்.